கை கழுவும் சிங்க்கில் நான் ஊற்றிய டீ

வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதித் தருகிறேன். ஐசியுவுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்குக் கிருமித் தடுப்பு பற்றிப் பேச என்னை இன்னமும் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். ஒரு சால்வையைப் போர்த்தி, ஒரு காபியைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் பேச விடுகிறார்கள். கையை எப்படிக் கழுவ வேண்டும், கையுறையை எப்படிக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதையே நானும் சொன்னால் நீங்கள் பின்வரிசையில் செல்போனை நோண்டுவீர்கள். உங்கள் வயதில் என்னிடம் செல்போன் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதைப் படிக்கும்போதாவது தூக்கம் வராது.

கரையான்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பணியின் கடைசிப் பத்து வருடம் அங்கேதான், கிருமித் தடுப்புக்குப் பொறுப்பான நர்ஸ். யார் கை கழுவினார்கள், யார் கழுவவில்லை என்று கையில் அட்டையோடு திரிவதுதான் என் வேலை. முதுகுக்குப் பின்னால் என்னை ‘சோப்பு சிஸ்டர்’ என்பார்கள். அது என் காதிலும் விழும். கோபம் வரும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

கொரோனா ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஐசியுவில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. அது குடலில் குடியிருக்கும் கிருமி. குடலில் இருக்கும் வரை சாது, ரத்தத்தில் இறங்கிவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும். எந்தெந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று லேப் ரிப்போர்ட்டில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். இதற்கு மேலிருந்து கீழ் வரை ‘அடங்காது’ என்றே இருந்தது. வேறு வழியே இல்லாதபோது போடுகிற பெரிய மருந்துக்கும் அதே பதில்தான். மிச்சம் இருந்தது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் ஒரு பழைய ஊசி மட்டும். அதைப் போட்டுத்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

அடுத்து ஆவடியிலிருந்து வந்த ஒரு பெரியவர். நிமோனியா என்று வந்து, தேறி, வார்டுக்கு மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ரத்தத்திலும் அதே கிருமி. நான்கே நாளில் போய்விட்டார். முந்தின நாள் தன்னிடம் தயிர்சாதம் கேட்டதாக அவர் மனைவி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அந்த அம்மாள் வெளியே போவதற்குள், விபத்தில் அடிபட்டு வந்திருந்த இளம் பெண் ஒருத்திக்கும் அதே ரிப்போர்ட் வந்துவிட்டது.

மூன்று பேருக்கு ஒரே கிருமி என்றால் அது ஆஸ்பத்திரிக்குள்ளிருந்துதான் போகிறது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, எங்கிருந்து என்று ஒரு வாரத்தில் கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் ஐசியுவை மூட வேண்டியிருக்கும் என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

நான் யோசித்த விதத்தைக் கவனியுங்கள், தப்பு அங்கேதான் இருக்கிறது. மூன்று பேரில் இரண்டு பேர் வாசலுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள். ஒருவர் கடைசி மூலையில் இருந்தவர். படுக்கை நகராது, வென்டிலேட்டரும் வேறு வேறு. அப்படியானால் கிருமி ஒரு ஆளோடு நடந்துதான் போயிருக்க வேண்டும். எல்லாப் படுக்கைக்கும் போகிற ஆள் யார்? துடைக்கிறவர்கள். இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்த டீயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஐசியுவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் பூங்காவனம். ஐம்பது வயது இருக்கும். நசரத்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஒப்பந்தக் கம்பெனியின் பச்சைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கட்டில் கம்பி ஒவ்வொன்றையும் பாத்திரம் விளக்குவது போல விளக்குவார். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் பேசுவார். “இன்னா நைனா, இன்னிக்காச்சும் கண்ணத் தொறப்பியா” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் அங்கே வேலை பார்த்த எட்டு வருடத்தில் நான் அவரை உட்காரச் சொன்னதும் இல்லை, ‘வாங்க’ என்று கூப்பிட்டதும் இல்லை.

துப்புரவுப் பணியாளர்கள், வார்டு உதவியாளர்கள் எல்லோருக்கும் ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் தடவி, ஸ்வாப் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். சின்ன டெஸ்ட்தான் என்று சொல்லி ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் அழைத்தேன். கூச்சத்தில் நெளிந்தார்கள். மாட்டேன் என்று சொல்லலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வந்தபோது பூங்காவனத்தின் பெயருக்கு எதிரே மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமி என்று இருந்தது.

அதில் ஒரு விஷயம் இருந்தது. நோயாளிகளிடம் வளர்ந்தது கிளெப்சியெல்லா. பூங்காவனத்தின் குடலில் இருந்தது ஈ.கோலை. வேறு கிருமி. நான் அதைப் பார்க்காமல் இல்லை, நன்றாகவே பார்த்தேன். ஆனால் மருந்தை எதிர்க்கும் திறனை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றும் என்று ஒரு பயிற்சியில் கேட்டிருந்தேன். அது உண்மைதான். அந்த உண்மையை எடுத்து, எனக்கு வேண்டிய இடத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டேன். இதிலிருந்து அது வந்திருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாரம் முடிய இரண்டு நாள் இருந்தது. எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

அவரை ஐசியுவிலிருந்து விலக்கும்படி ஒப்பந்தக் கம்பெனிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். ‘உடலில் கிருமி கண்டறியப்பட்டதால்’ என்று காரணத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒருவருடைய ரிப்போர்ட் அவருக்குச் சொந்தம், அதை மூன்றாவது ஆளிடம் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

பூங்காவனம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அழவில்லை. “எனக்கு வவுத்து வலி இல்ல, காய்ச்ச இல்ல. நான் இன்னா பண்ணேன் சிஸ்டர்?” என்று கேட்டார்.

“நீ ஒண்ணும் பண்ணல பூங்காவனம். உன் உடம்புல கிருமி இருக்கு. நோயாளிங்களுக்கு ஆபத்து” என்றேன். வார்த்தைகளை அடுக்கிச் சொன்னேன், என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐசியு வாசலருகே இருந்த கை கழுவும் சிங்க்கைக் கை காட்டியது போல ஒரு ஞாபகம். எனக்குக் கண்காணிப்பாளரிடமிருந்து போன் வந்தது, எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பேசி முடித்துப் பார்த்தபோது அவர் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு கேஸும் இல்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கண்காணிப்பாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். மூன்றாவது வாரம், குடல் அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒருவரின் ரத்தத்தில் அதே கிளெப்சியெல்லா. பூங்காவனம் அந்த நோயாளியைப் பார்த்ததே இல்லை.

எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டர் அதிகம் பேசாதவர். லேப்பை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அன்று என்னைக் கூப்பிட்டு, ஸ்வாப் எடுத்தவர்களின் பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“இதுல டாக்டர் பேரு ஒண்ணுகூட இல்ல. நர்ஸ் பேரும் இல்ல” என்றார். பிறகு, “உங்க பேரு எங்க சிஸ்டர்?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் சொன்னார். நாங்களும்தான் எல்லாப் படுக்கைக்கும் போகிறோம். பூங்காவனம் கட்டில் கம்பியைத் தொட்டார். நாங்கள் ரத்தக் குழாயையே தொடுகிறோம். இது என் மண்டையில் ஏறாமல் போனது எப்படி என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். ஏறவில்லை என்பதைவிட, ஏற விடவில்லை என்பதே சரி. பச்சைச் சட்டைக்காரர்களிடம்தான் அழுக்கு இருக்கும் என்று எனக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன் போலும்.

நானே ஒரு ஸ்வாப்பை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனேன். மற்றவர்களைத் திரைக்குப் பின்னால் சுலபமாக அழைத்துவிட்டேன், எனக்கு என்று வந்தபோது கை கூசியது. நான்காவது நாள் ரிப்போர்ட்டை டாக்டர் ஒரு உறையில் போட்டு, ஒட்டி, என் கையிலேயே கொடுத்தார். எனக்கும் இருந்தது. ஈ.கோலை. பூங்காவனத்துக்கு இருந்த அதே வகை, அதே வரிசை, மேலிருந்து கீழ் வரை ‘அடங்காது’.

நான் பயந்து போய் என்ன மருந்து சாப்பிடுவது என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். ஒன்றும் சாப்பிட வேண்டாம், சாப்பிட்டால் நல்ல கிருமியெல்லாம் செத்து இதுதான் இன்னும் பெருகும் என்றார். இப்படிக் குடலில் சுமந்துகொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஊருக்குள் நிறைய என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறது, வீட்டிலிருந்து தண்ணீர், சாப்பாடு வழியாக அடுத்த வீட்டுக்குப் போகிறது, அங்கிருந்து திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருகிறது. சளி பிடித்தால் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் மூன்று மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் அதற்கு நன்றாகவே உதவுகிறார்கள். அவர் என்னைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். அப்படி நான் வாங்கிய மாத்திரை அட்டையில் பாதி அப்போதும் என் கைப்பையில் இருந்தது.

அப்படியானால் பூங்காவனம் என்று இழுத்தேன். டாக்டர் மைக்ரோஸ்கோப் பக்கம் திரும்பிவிட்டார். அது லேப் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை நசரத்பேட்டைக்குப் போனேன். இரண்டு அறை வீடு, வாசலில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக மூடி வைக்கப்பட்டிருந்தன. என்னைப் பார்த்ததும் பூங்காவனம் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். நாற்காலியைத் துடைக்கப் போனவர் பாதியில் நிறுத்தி, துணியை என்னிடமே நீட்டினார். நான் துடைத்தால் உட்காருவீர்களா என்று அவர் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. துணியை வாங்காமல் அப்படியே உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மீதியைத் தெரிந்துகொண்டேன். என் குறிப்பைக் கம்பெனி சூப்பர்வைசர் ஆட்கள் நடுவில் படித்திருக்கிறார். பூங்காவனத்தை வேறு எந்த ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கு அனுப்பவில்லை. அந்த ஆட்களில் ஒருத்தி மாங்காட்டில், பூங்காவனத்தின் சம்பந்தி வீட்டுத் தெருவில் இருப்பவள். அங்கே கட்டிக்கொடுத்த பூங்காவனத்தின் மகளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த வாரம் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவதுதான் முறை. சம்பந்தியம்மாள் சொல்லி அனுப்பிவிட்டார்: வளையல் போட்டுவிட்டுப் போங்கள், பெண்ணை அனுப்ப மாட்டோம், குழந்தையைத் தொடவும் வேண்டாம்.

“என் பொண்ணு போன்ல அழுவுறா சிஸ்டர். நான் பெத்தவ. அவளுக்கு வெந்நி வச்சி ஊத்தக்கூட நான் ஆவமாட்டேனாம்” என்றார். அங்கேதான் அவர் குரல் உடைந்தது.

எனக்கு அந்த நாற்காலியில் இருக்க முடியவில்லை. நீ என்று கூப்பிடவும் நாக்கு எழவில்லை. “எனக்கும் அதே கிருமி இருக்குங்க. உங்களுக்கு இருக்கற அதே கிருமி. நான் செஞ்சது தப்பு” என்றேன். உறையைப் பிரித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “ஒங்கள யாரும் வேலைய உட்டு நிறுத்தலியா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “அந்தத் தொட்டியப் பாத்தீங்களா?” என்றார். எந்தத் தொட்டி என்றேன். “வாசலாண்ட கீற கைகழுவுற தொட்டி. தண்ணி எறங்காம நின்னுகினே கீது, உள்ள கஞ்சி கட்டிகினு நாறுதுன்னு ரெண்டு வாட்டி சொன்னேனே. ஆசிட் ஊத்துன்னீங்க. நீங்க எல்லாரும் அதுல இன்னா இன்னா ஊத்துறீங்கன்னு கழுவுற எனக்குத்தான சிஸ்டர் தெரியும்.”

இப்போது அந்த டீயைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சியில் மிச்சம், பால் பவுடர் கரைசல், பாதி காலியான குளுக்கோஸ் பாட்டில், இதையெல்லாம் கொட்டுவதற்கு என்று ஐசியுவில் தனியறை உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் அது நடைபாதையின் மறுகோடியில் இருந்தது, கதவும் பாதி நாள் சிக்கிக்கொள்ளும். அதனால் எல்லோரும் பக்கத்திலிருந்த கை கழுவும் சிங்க்கில் ஊற்றிவிடுவார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டால் போயே போச்சு. நானும் ஊற்றினேன். பதினோரு மணிக்கு வரும் டீயை ஐசியு தூணுக்குப் பின்னால் நின்று குடிப்பேன். உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவளே நான்தான், அதனால் யாராவது வரும் சத்தம் கேட்டால் மிச்ச டீயை அந்த சிங்க்கில் கவிழ்த்துவிடுவேன். எத்தனையோ வருடம் தினமும் அரை டம்ளர். சர்க்கரை தூக்கலாக.

டாக்டரிடம் ஓடினேன். குழாய்த் தண்ணீரை நாங்கள் முன்பே பரிசோதித்திருந்தோம், அது சுத்தமாக இருந்தது. சிங்க்கின் ஓட்டைக்கு உள்ளே பார்க்கவே இல்லை. டாக்டர் ஓட்டைக்கு அடியில் இருக்கும் வளைந்த கழிவுக் குழாய்க்குள் ஸ்வாப்பை விட்டு எடுத்தார். வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வந்தது. அதன் பிறகு, ஏதாவது சாயம் இருக்கிறதா என்று கேட்டார். கரையான்சாவடி மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் கேசரிப் பவுடர் வாங்கி வந்தேன். சிங்க்கை ஒட்டி ஒரு கருங்கல் மேடை, அதில்தான் எல்லா நோயாளிகளுக்கும் ஊசி மருந்து கலப்போம். மேடையில் வெள்ளைத் தாள்களைப் பரப்பி, மருந்துத் தட்டையும் வழக்கமான இடத்தில் வைத்தோம். கேசரிப் பவுடரைக் கரைத்து ஓட்டைக்குள் ஊற்றிவிட்டு, எப்போதும் கை கழுவுவது போலக் குழாயைத் திறந்தோம்.

தாள்களில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்தன. முதல் தாளில் நிறைய, இரண்டாவதில் கொஞ்சம், தட்டில் ஐந்தாறு. அதில் ஒன்று பிரித்து வைத்திருந்த ஊசியின் மேலேயே விழுந்திருந்தது. அந்தத் தட்டுதான் வாசல் படுக்கைக்கும் போகும், கடைசி மூலைக்கும் போகும். கிருமியோடு நடந்து போன ஆளைத் தேடினேன் இல்லையா, அந்த ஆள் தட்டைக் கையில் பிடித்திருந்த நாங்கள்தான். கழிவுக் குழாயிலிருந்து எடுத்த படலத்தில் நோயாளிகளுக்கு வந்த அதே கிளெப்சியெல்லா வளர்ந்தது. கஞ்சியும் டீயும் ஊற்றி ஊற்றி நாங்கள் அதை வளர்த்திருந்தோம்.

ஆவடிப் பெரியவரை நினைத்தேன். என் டீதான் அவரைக் கொன்றது என்றால் அது மிகை. அதில் எனக்குப் பங்கே இல்லை என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை இன்று வரை சுமந்துகொண்டுதான் இருக்கிறேன், அதை இறக்கி வைக்க ஓர் இடமும் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்வாப் பட்டியல், குறிப்பு, என் ரிப்போர்ட், தூணுக்குப் பின்னால் குடித்த டீ வரை. டீயைச் சொன்னபோது இளம் நர்ஸ்கள் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் ஊற்றியவர்கள்தான். கண்காணிப்பாளர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த சிங்க்கைப் பெயர்த்து எடுத்தார்கள், மருந்து கலக்கும் மேடையைத் தள்ளி வைத்தார்கள், கொட்டும் அறையின் கதவைச் சரி செய்தார்கள். பூங்காவனத்தைத் திரும்ப அழைத்து ஒரு கடிதமும், என் குறிப்பு தவறு என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும் போயின. அதன் பிறகு ஐசியுவில் அந்தக் கிருமி வரவில்லை.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. கடிதம் கம்பெனிக்குத்தான் போனது, மாங்காட்டுக்குப் போகவில்லை. வளைகாப்புக்கு மூன்று நாள் இருந்தது.

பூங்காவனத்தின் ரிப்போர்ட்டை அவரைக் கேட்டுவிட்டுத்தான் இந்த முறை எடுத்துக்கொண்டு மாங்காட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மாள் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார், காபி கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய சிஸ்டரே வந்திருக்கிறார் என்று மகனையும் கூப்பிட்டார். நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றதெல்லாம் சரிதாம்மா. கொரோனாவுல நாங்க பட்டது போதும். பச்சக் கொழந்த விசயம். ஒங்க ஊட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?” என்றார். அந்தக் கேள்வியில் தப்பு சொல்ல முடியாது. பயந்த மனுஷி கேட்கிற கேள்விதான் அது.

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மகன் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், குனிந்து படித்தார். “ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒண்ணு அத்தையோடது. இது யாருது?” என்றார்.

“என்னோடது” என்றேன்.

சம்பந்தியம்மாளின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, நான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரில் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, என் டம்ளரை ஒருவர் அப்படிப் பார்க்கிறார். பூங்காவனத்துக்கு இது ஒரு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது, போகவில்லை. இதே உடம்போடுதான் நாற்பது வருடமாகப் பச்சைக் குழந்தைகளையும் நோயாளிகளையும் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். கழிவறை போய்வந்த பின்பும், சமைப்பதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், அதைப் பூங்காவனத்தைவிட ஒழுங்காகச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்றேன்.

அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப எனக்கும் இருக்குமா?” என்று கேட்டார்.

“இருக்கலாம்மா. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

உள்ளறை வாசலில் நிறைமாத வயிற்றோடு நின்றிருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மாள் என் காலி டம்ளரைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு எழுந்தார். வளைகாப்புக்கு நீங்களும் வந்துவிடுங்கள், பெண்ணை உங்கள் முன்னாலேயே அனுப்பி வைக்கிறேன் என்றார். பஸ் ஸ்டாப்பில் நின்று நான் அழுதேன். பூக்கடைக்காரம்மா ஒருவர், மாங்காட்டுக் கோயிலுக்கு வந்த இடத்தில் ஏதோ மனக்குறை என்று நினைத்து, உட்காருவதற்கு இடம் ஒதுக்கித் தந்தார்.

பிள்ளைகளே, உங்கள் முன்னாலும் ஒருநாள் ஒரு வாரக் கெடு நிற்கும். அப்போது யாருடைய பெயர் முதலில் உங்கள் மனதில் வருகிறதோ, அது ஏன் முதலில் வந்தது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பரிசோதனை எடுக்கிறீர்களா, பட்டியலின் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள். துடைக்கிறவர் ஒரு குறை சொன்னால், கையிலிருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இவ்வளவுதான் என் வகுப்பு.

பூங்காவனம் உடனே வேலைக்குத் திரும்பவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டும், பேத்திக்கு மூன்று மாதம் ஆன பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. குழந்தை பிறந்த பதினோராம் நாள் பார்க்கப் போனேன். வாசலில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றிக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் நீட்டினேன்.

பூங்காவனம் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பக்கெட்டையும் சோப்பு டப்பாவையும் கண்ணால் காட்டினார்.

“கையக் கழுவிகினு வாங்க சிஸ்டர். அப்பால தூக்குங்க.”

போய், முழங்கை வரை, அவர் போதும் என்று சொல்லும் வரை கழுவினேன். பிறகுதான் பேத்தியை என் கையில் கொடுத்தார்.